கனகசபாபதி குளிசை விட்ட வருசம்

அந்த வீட்டில் உடுப்புக் காயப்போடுவது கனகசபாபதியின் வேலை. தோய்ப்பது அவருடைய மனைவி பராசக்தி. அவள் அலசிப் பிழிந்து வாளியில் போட்டுக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுச் சமையல் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள். பிறகு அவர் வருவார். வாளியைத் தூக்கமாட்டார், குனியவும் மாட்டார். ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலை மடித்து, முதுகு வளையாமல் இறங்கி, ஒரேயொரு உடுப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக் கொடியில் போடுவார். அடுத்த உடுப்புக்கு மறுபடி ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். தன் சாரம், மனைவியின் பாவாடை என்று பேதம் பார்ப்பதில்லை.

ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன அண்ணை, கொடியேத்தமோ?"

"ஓம், தேங்காயோடை வாவன், உடைச்சிட்டுப் போகலாம்," என்பார் அவர், திரும்பிப் பாராமல்.

குசினி யன்னலால் பராசக்தி இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். போன வருசம் இந்த நேரம் இந்த மனுசனுக்கு இப்படியொரு பதில் வாயில் வந்திராது. யாராவது கேட்டால், கேட்டது காதில் விழுந்து, அது உள்ளே போய், அவர் "ஆ?" என்று சொல்வதற்கிடையில் கேட்டவர் சந்தி தாண்டிப் போயிருப்பார். எல்லாம் அப்போது இடுப்பு வலிக்குப் போட்ட அந்தக் குளிசையின் வேலை.

மீசாலைப் பக்கத்தில் கனகசபாபதியை இரண்டு காரியத்துக்காகத் தெரியும். ஒன்று உழவு மெசின், அதுதான் டிராக்டர். தென்மராட்சியில் பாதி வயல் அவருடைய மெசின் இறங்கி உழுததுதான். மற்றது தூக்குக்காவடி. இளந்தாரியாக இருந்த காலந்தொட்டு, தலை நரைக்கத் தொடங்கும்வரை, அம்மன் கோயில் தேரன்று அவர் காவடி எடுத்தார். முதுகிலும் காலிலும் செடில் முள்ளுக் குத்தி, மெசினில் பூட்டிய மரத்தில் கயிற்றால் கட்டி, குப்புறத் தொங்கவிட்டு ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். பறை அடிக்க அடிக்க மரம் மேலும் கீழும் ஆடும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள். கனகசபாபதி சிரித்துக்கொண்டு வருவார். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிப் பிடிக்க, தொங்கிக்கொண்டே திருநீறு பூசிவிடுவார். பராசக்தி அவரை முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான், அந்தரத்தில்.

அதனால்தானோ என்னவோ, அவருக்கு நாரி நோ வந்தபோது ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மெசின் பெட்டியில் கல்லேற்றும்போது கல்லொன்று வழுக்கியது. அதைப் பிடிக்கப்போய் இடுப்புக்கு மேலே ஏதோ விட்டுப்போனது. யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்தார்கள். காலுக்குள் இறங்கிய மின்சாரம் போன்ற வலி போனது, நாரி நோ போகவில்லை. "செடில் குத்தின உடம்பு, உதுக்கே சிணுங்குது?" என்று தெரிந்தவர்கள் பகிடி பண்ணினார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். முனகுவதற்கு வெட்கப்பட்ட மனுசன், முனகாமல் இருப்பதற்காகக் குளிசை போட்டார். ஒப்பரேசனுக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கென்று எழுதிக்கொடுத்த ட்ரமடோல் வருசக்கணக்காக நீண்டது. ஒரு வேளை இரண்டு வேளையாகி, இரண்டு மூன்றானது. நோ அப்படியே இருந்தது. குளிசை போட்டால் நோ குறைகிறதா, குளிசை போடாவிட்டால் வருகிற தவிப்புக் குறைகிறதா என்று அவருக்கே சொல்லத் தெரியாமற் போனது.

புட்டுக்கோப்பைக்கு முன்னால் இருந்தபடி நித்திரையானார். மலச்சிக்கலில் அரைநாள் போனது. மகள் சுபாஜினி கிளிநொச்சியில் இருந்து ரெலிபோன் எடுத்தால், "ஓம் பிள்ளை, ஓம்" என்பதற்கு மேல் கதை இல்லை. ஒருநாள் மெசினைக் குளக்கட்டால் கொண்டுபோகும்போது கண் சொக்கிவிட்டது. அலம்பல் பத்தையில் மெசின் முட்டி நின்றதால் ஆள் தப்பினார். அதோடு மெசினை விற்றார்கள்.

பராசக்தி எல்லாவற்றையும் பொறுத்தாள். பொறுக்காதது பாமசியில் நடந்தது. சாவகச்சேரியில் யாரோ பெடியள் போதைக்கென்று வைத்திருந்த அதே குளிசையோடு பிடிபட்டிருந்த கிழமை அது. பாமசிப் பெட்டை டொக்டர் எழுதின மருந்துத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் ஆட்கள் நிற்க, "இது உண்மையா ஆருக்கு அம்மா?" என்று கேட்டாள். கேட்க வேண்டியதைத்தான் அவள் கேட்டாள். ஆனால் பராசக்தி அன்றைக்குக் குளிசையை வாங்காமல், நேரே பஸ் ஏறி, வீட்டுக்கும் போகாமல் அம்மன் கோயிலடியில் இறங்கினாள். நடை சாத்துகிற நேரம். வெளிக்கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நேர்ந்தாள்.

"அம்மாளாச்சி, உந்தக் குளிசையிலையிருந்து என்ரை மனுசனை மீட்டுத் தா. தேருக்கு அவரைத் தூக்குக்காவடி எடுப்பிக்கிறன்."

பால்செம்பு, பொங்கல் என்று சின்னதாக ஏதும் அவளுக்குத் தோன்றவில்லை. கேட்கிறது பெரிசு, கொடுக்கிறதும் பெரிசாக இருக்கவேண்டும். அந்த வீட்டில் இருந்த பெரிய விசயம் அவருடைய காவடிதான்.

அடுத்த கிளினிக்கில் புது டொக்டர் ஒருவர் இருந்தார். கொப்பியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "ஐயா, உந்தக் குளிசை உங்கடை நாரியைத் திருத்தாது. நெடுக உதோடை இருக்கேலாது," என்றார். "ஆனா சடாரெண்டு விடவும் கூடாது. உங்கடை பாட்டிலை நிப்பாட்டிப்போடாதையுங்கோ, நாங்கள் சொல்லுற மாதிரிக் குறைக்கவேணும்." இரவுக்கு நரம்புக்கென்று ஒரு சின்னக் குளிசை தந்தார். பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கேதான் லவீனா இருந்தாள்.

லவீனா பாசையூர்ப் பிள்ளை, கத்தோலிக்கம். சிரித்துச் சிரித்து ஆளை வருத்துவாள். முதல்நாளே கனகசபாபதியைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கச் சொன்னாள்.

"நோகுது பிள்ளை."

"நோகும் ஐயா. நோகிறதெல்லாம் உடையிறதில்லை."

"நோ எப்ப போகும்?"

"முழுக்கப் போகுமெண்டு நான் சொல்லமாட்டன். அது ஒரு மூலையிலை இருக்கட்டும். நீங்கள் உங்கடை வேலையைப் பாக்கப் பழகுங்கோ."

இது என்ன வைத்தியம் என்று கனகசபாபதி வரும்வழியெல்லாம் ஏசினார். ஆனால் செய்தார். அவள் சொன்ன முக்கியமான விசயம் ஒன்றுதான். நல்ல நாளில் கூடச் செய்யக்கூடாது, கெட்ட நாளில் குறைக்கவும் கூடாது. வாசல் படலையிலிருந்து வைரவர் கோயில்வரை நடக்கிறதென்றால் என்றைக்கும் வைரவர் கோயில்வரைதான். இது அவருக்குச் சரியான கஷ்டம். கொஞ்சம் சுகமென்றால் வளவு முழுக்கக் கொத்துவார், பிறகு இரண்டு நாள் கட்டிலில் கிடப்பார். அதுதான் அதுவரைக்கும் அவருடைய வழக்கம்.

ஊரும் தன் பங்குக்கு வைத்தியம் சொன்னது. எண்ணெய் சொன்னார்கள், மூலிகை அரைத்துப் பத்துப் போடச் சொன்னார்கள், உப்பு வறுத்து ஒத்தடம் சொன்னார்கள். ஒத்தடம் சுகமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டார். தண்ணிக்குள் நின்று நடந்தால் நாரிக்குப் பாரம் தெரியாது என்று லவீனா சொல்ல, கிழமைக்கு ஒருக்கால் இரண்டு பஸ் மாறிக் கீரிமலைக்குப் போனார்கள். கேணிக்குள் கழுத்தளவில் நின்று அவர் குறுக்கும் மறுக்குமாக நடப்பார். கீரிமலைக்கு ஆட்கள் போவது செத்தவர்களின் காரியத்துக்குத்தானே. துவாயும் பையுமாகக் கிழமைக்குக் கிழமை இவர்களைக் கண்ட பஸ் கொண்டக்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"குறை நினையாதையுங்கோ ஐயா. ஆற்றை அந்தியேட்டி? முடியவேயில்லையோ?"

"குளிசையின்ரை," என்றார் கனகசபாபதி. "இன்னும் முழுசாச் சாகேல்லை. செத்தோண்ண சொல்லுறன்."

பராசக்தி பஸ்ஸுக்குள் சத்தம்போட்டுச் சிரித்தாள். அவர் பகிடி விட்டு எவ்வளவு காலம்.

ஆனால் எல்லா நாளும் கீரிமலை இல்லை. ஒவ்வொரு தரம் குளிசையைக் குறைக்கும்போதும் வேர்த்துக் கொட்டியது, மூக்கால் ஓடியது, வயிற்றால் போனது. கால் ஒரிடத்தில் நில்லாமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "ஒண்டே ஒண்டு தா" என்று கேட்டார். குளிசை பராசக்தியின் பொறுப்பில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை. ஒருநாள் கெட்ட வார்த்தையால் ஏசினார். அன்றைக்கும் கொடுக்கவில்லை. மாரி கழிந்து, பனி கழிந்து, வெயில் ஏறியபோது குளிசை நின்றுவிட்டது. நோ இருந்தது. ஆனால் அவர் அதைப் பற்றிக் கதைப்பது குறைந்து, தேங்காய் விலையைப் பற்றிக் கதைப்பது கூடியது.

கோயிலில் கொடியேறுகிற நாள் நெருங்க, பராசக்திக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. கொடுக்கவேண்டியது இருக்கிறது. ஒருநாள் மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒரு நேத்தி வைச்சனான்."

"என்னவாம்?"

"உங்களுக்குக் குளிசை விடுபட்டால் எண்டு."

"நல்லது. என்ன, பொங்கலோ?"

"தூக்குக்காவடி."

அவர் கை கோப்பையில் நின்றது. "ஆர் எடுக்கிறது?"

பராசக்தி இன்னும் ஒரு கரண்டி சொதி விட்டாள்.

"விசரோ உனக்கு?" என்றார். "குளிசையை விட்டது நான். நிலத்திலை கிடந்து காலைத் தூக்கினது நான். வயித்தாலை போகப் போக முத்தத்திலை நடந்தது நான். அம்மாளாச்சி எங்கை வந்தவ உதுக்குள்ளை?"

"மெல்லக் கதையுங்கோ! அந்த டொக்டரை ஆர் அனுப்பினது? அந்தப் பெட்டையை ஆர் அனுப்பினது?"

"கவுண்மேந்து அனுப்பினது!"

இரண்டு நாள் அவர் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம்நாள் பராசக்தியின் தம்பி றஞ்சித் வந்தான். அவன்தான் இப்போது தேருக்குக் காவடி மெசின் பூட்டுகிறவன். அக்கா சொல்லிவிட்டாளென்று வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேரே தொடங்கினான்.

"அத்தான், இப்ப எடுக்கிற பெடியளைப் பாக்கோணும் நீங்கள். மெசின் ஸ்ராட் பண்ண முதல் மயக்கம் போடுறாங்கள். போனமுறை ஒருத்தன் கோயில் வாசல்வரை 'அம்மா, அம்மா' எண்டு கத்திக்கொண்டு வந்தவன். சனம் பக்தி எண்டு நினைச்சிது. அவன் கூப்பிட்டது தன்னைப் பெத்த தாயை."

கனகசபாபதி சிரித்தார். பிறகு, "மரம் முந்தின மரமோ?" என்று கேட்டார்.

"இல்லை, இப்ப இரும்பு. நல்லா ஆடும்."

அன்று பின்னேரம் அவர் சேட்டைக் கழற்றி, கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றதை பராசக்தி கண்டாள். பழைய செடில் தழும்புகள் அம்மைத் தழும்பு மாதிரி மங்கிக் கிடந்தன. மாட்டேன் என்ற மனுசன் இப்போது மாட்டேன் என்று சொல்வதில்லை. அவளுக்குச் சந்தோசப்படவேண்டிய நேரம். அவளோ கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதியைத் தேடினாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவரோடு போனவள், அவர் வெளியே வந்தபிறகு தான் தனியாக லவீனாவிடம் போனாள். நேர்த்தியைச் சொன்னாள். லவீனா சிரிப்பதை விட்டுவிட்டாள்.

"முள்ளு நோவை அவர் தாங்குவார் அம்மா. அது தோல், ஆறீடும். குப்புறத் தொங்கவிட்டு, உந்த றோட்டிலை குலுக்கிக்கொண்டு போனா நாரி என்னாகுமெண்டு நான் உத்தரவாதம் தரமாட்டன்."

"அம்மாளாச்சியின்ரை காவடியிலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கிறேல்லை பிள்ளை."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?"

பராசக்திக்குக் கோபம் வந்தது. "நீங்கள் வேதக்காரர். உங்களுக்கு நேத்தி விளங்காது."

"விளங்காமலோ? நான் மடு மாதாவுக்கு நேந்து கோயில்மட்டும் நடந்து போனனான். நான் நேந்தன், நானே நடந்தன். எங்கடை அவரை நடக்கவிட்டிட்டு நான் வானிலை போகேல்லை." அடுத்த ஆளைக் கூப்பிட்டாள் லவீனா.

வீட்டுக்கு வரும் வழியில் பராசக்தி கோயில் ஐயரிடம் கேட்டாள். நேர்த்தியை மாற்றலாம், அதுக்குப் பிராயச்சித்தம் இருக்கிறது என்றார் அவர். ஆனால் காவடி எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், இரண்டுபேரும் சன்னிதியில் நின்று சொல்லவேண்டும். பராசக்தி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அவரைக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? அவர் அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். காவடிக்கென்று மச்சம் மாமிசம் விட்டுவிட்டதாக ஒழுங்கையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தாடி வேறு விடத் தொடங்கியிருந்தார்.

தேருக்கு முந்தின கிழமை றஞ்சித் கடைசிக் கதைக்கு வந்தான். முள்ளுக் குத்துகிற ஆள் வருகிற நேரம், எங்கே வைத்து ஏற்றுவது, யார் கயிறு பார்ப்பது என்றெல்லாம் இரண்டுபேரும் கதைத்தார்கள். பராசக்தி தேத்தண்ணி கொண்டுபோனாள்.

"நாரியைப் பற்றி யோசிக்கிறியளோ அத்தான்?" என்றான் றஞ்சித்.

"யோசினை இல்லாமலோ."

"விடுங்கோ. ஏற முதல் உந்தப் பழைய குளிசையிலை ரெண்டைப் போடுங்கோ. ஒண்டும் தெரியாது. இறங்கினாப்போலை இன்னொரு ரெண்டு. விடிய எழும்பி வழமைபோலை நடப்பியள்."

பராசக்தி அவருடைய முகத்தைப் பார்த்தாள். சீ என்பார், அல்லது ஒரு பகிடியாவது விடுவார் என்று பார்த்தாள். கனகசபாபதி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, யாரோடோ இரகசியம் கதைப்பது போல் குரலை இறக்கி, "இப்ப அது எங்கை எடுக்கிறது?" என்று கேட்டார்.

"அது நான் பாத்துத் தாறன்."

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்த கால்களும் "ஒண்டே ஒண்டு தா" என்ற குரலும் பராசக்திக்குத் திரும்பக் கேட்டன. இரண்டு குளிசைதான். தேரன்று இரண்டு, பிறகு இரண்டு. அடுத்தநாள் நாரி சும்மா இருக்குமா? அன்றைக்குக் கேட்டால் அவள் இல்லையென்று எந்த வாயால் சொல்வாள்?

"றஞ்சித்," என்றாள், "நீ உவருக்கு மெசின் கொண்டுவரவேண்டாம்."

"என்னக்கா?"

"காவடி இல்லை. நீ வேறை ஆரையும் பார்."

"நேந்தது நீயெல்லோ!"

"ஓம். மாத்திறதும் நான்தான்."

"அம்மாளாச்சியோடை விளையாடாதை அக்கா. பிறகு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா என்னைச் சொல்லப்படாது."

"அவவோடை நான் கதைக்கிறன். இந்தத் தேருக்கும், சாகுமட்டும் ஒவ்வொரு தேருக்கும் நான் கற்பூரச்சட்டி எடுக்கிறன். வேகிறது என்ரை கையா இருக்கட்டும். நீ உந்தக் குளிசைக் கதையோடை இந்தப் படலைக்குள்ளை வராதை."

றஞ்சித் அத்தானைப் பார்த்தான். அத்தான் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "உங்கடை பாடு," என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் எழும்பினான். மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடியுமட்டும் கேட்டது.

பராசக்தி கோப்பைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். மூச்சுவிடாமல் சொன்னதில் பாதி வீரம், மீதி பயம். வாக்குக் கொடுத்துவிட்டு மாறியவர்களுக்கு என்னென்ன வந்தது என்ற கதைகள் அவளுக்கு நிறையத் தெரியும். சரியாகத்தான் செய்தோம் என்று அவர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும் என்றிருந்தது.

கனகசபாபதி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. திருவிழாவுக்கென்று வெளிக்கிட்டு நிற்கிறவனை வீட்டுக்குள் திரும்பிப் போகச் சொன்னது போல் ஒரு முகம்.

"நேத்தி வைக்கேக்கை என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை," என்றார். "மாத்தேக்கையும் கேக்கேல்லை."

அவள் சிந்தாத தேத்தண்ணியைத் துணியால் துடைத்தாள்.

"இது ஆற்றை நாரி, பராசக்தி?"

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு வழக்கமில்லை. அவள் மேசையின் அதே இடத்தைத் திரும்பவும் துடைத்தாள். அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி, அறையைவிட்டு வெளியே போனார்.